ஏற்காட்டுப் பனிக்கு நம்பர் 2 ரைபிளா, நம்பர் 8 ரைபிளா?

என்.சி.சி.யில் சுட்டுப் பழகிய சேலத்துக்காரர்கள் பழைய .22 (குழலின் உள்விட்டம், அங்குலத்தில்) பயிற்சி ரைபிள் என்றால் நம்பர் 2 மார்க் 4-ஐத்தான் தேடுவார்கள். பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 லீ-என்ஃபீல்டு ரைபிளை .22 ஆக மாற்றியது அது. தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் போட வேண்டும். உள்ளீடற்ற மேகசின் (தோட்டா அடுக்கும்) பெட்டியில் காலிக் கூடுகள் விழும். அந்த ஏற்பாட்டுக்காகவே எனக்கு அதன்மேல் தீராத ஆசை. ஆனால் குழலை மூக்குவரை மரம் மூடியிருக்கும். ஏற்காட்டு ஈரத்தில் உள்ளே துரு ஏறினால் வெளியே தெரியாது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்த நம்பர் 8 என்ற .22 பயிற்சி ரைபிளுக்குக் கனமான குழல், அதன் முன்பகுதி திறந்தே இருக்கும். எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். குறிபார்க்கவும் அதுவே மேல். மலைவீட்டுக்கு நம்பர் 8-தான் என் தேர்வு. 2019 ஆயுதச் சட்டத்திருத்தப்படி சாதாரண உரிமதாரர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம் என்பதால் யோசித்தே வாங்க வேண்டும். நம்பர் 2 வாங்குவதானால், மரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.