பாரிஸா, விம்பிள்டனா?

காரைக்குடியில் டென்னிஸ் பழகும் பிள்ளைகள், "அண்ணே, ஆண்கள் ஒற்றையரில் எதைப் பார்க்கலாம்?" என்று கேட்டால், யோசிக்காமல் பாரிஸ் என்பேன், அதாவது அங்கே நடக்கும் பிரெஞ்சு ஓபன். அங்கே சுண்ணாம்புக்கல் தளத்தின் மேல் செங்கல் பொடி தூவியிருப்பார்கள். பந்து வேகம் குறைந்து உயர எழும். ஒரு பாயின்ட் எடுப்பதற்குள் மூச்சு வாங்கும். சறுக்கிக்கொண்டே போய் அடிப்பதை நம்ம ஊர்ச் செம்மண்ணிலும் பழகிப் பார்க்கலாம்.

அங்கே 2025 இறுதிப்போட்டியில் ஸ்பெயின் வீரர் அல்கராஸ் முதல் இரண்டு செட்டையும் விட்டார். அப்புறம் மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட்டில் (விட்டால் கோப்பையே போய்விடும் பாயின்ட்) தப்பி, இத்தாலி வீரர் சின்னரை வென்றார். 5 மணி 29 நிமிடம்!

விம்பிள்டன் புல்தரையில் பந்து தாழ்ந்து வழுக்கி வரும். சர்வ் நன்றாக விழுந்தால் பாதி வேலை முடிந்தது. ஐந்து வாரம் கழித்து அங்கே இறுதிப்போட்டியில் சின்னர் அல்கராஸை நாலே செட்டில் வென்று கணக்குத் தீர்த்தார். அதுவும் நல்ல ஆட்டம்தான். ஆனால் பொறுமையைக் கற்றுக்கொள்ளப் பாரிஸ்தான் சரி. அந்த இறுதிப்போட்டிக்கு நம்ம நேரம் மாலை 6.30-க்கு உட்கார்ந்தால் நள்ளிரவு ஆகலாம், அப்பத்தாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.