பழைய ஃபியட் தேடிய கதை: டீலர் ரீல், பட்டறை வீடியோ, ஓனர் போட்ட நாலு போட்டோ

எனக்குத் தேவை பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர் இருக்கிற ஒரு பிரீமியர் பத்மினி, நம் ஊரில் ஃபியட் என்றே சொல்கிற பழைய கார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அஸ்தம்பட்டியில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினால், அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவையும் கொதிக்காமல் ஏறி ஏற்காடு ஏரிக்கரையில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அப்பாவிடம் ஒன்று இருந்தது. நான் ஏழாவது படிக்கும்போது விற்றுவிட்டார். நம்பர் இன்னும் மனப்பாடம்.

ஆறு மாதமாகப் போனில் இதே வேலையாக இருந்ததில் கடைசியில் மூன்று விளம்பரங்கள் தேறின. மூன்றும் ஏறக்குறைய ஒரே வண்டிதான்: எண்பதுகளின் பத்மினி, 1089 சிசி பெட்ரோல் இன்ஜின், நாலு கியர். விற்கிற ஆள்தான் வேறு வேறு. ஒன்று வெளியூர் டீலருடையது, பழைய கார்களைப் புதுப்பித்து விற்பதே அவர்கள் தொழில். இன்னொன்று சேலத்திலேயே குகைப் பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறை. மூன்றாவது ஆத்தூர் பக்கத்து ஓனர், அவரே போட்டது. வண்டிகளை ஒப்பிட்டு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் விளம்பரங்களை ஒப்பிடுகிறேன். ஏனென்றால் ஏமாறுவதும் தப்பிப்பதும் அங்கேயே பாதி முடிந்துவிடுகிறது.

முதலில் டீலர். நாற்பது நொடி ரீல். பொழுது சாயும் நேரம், தரையில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள், ஈரத்தில் வண்டி கண்ணாடி மாதிரி தெரிகிறது, பின்னணியில் எண்பதுகளின் இளையராஜா. முன்பக்க கிரில், குரோம் பம்பர், ஸ்டீயரிங், மறுபடி கிரில். பானெட்டைத் திறக்கிற காட்சி ஒரே ஒரு நொடி வருகிறது, அதற்குள் டிரோன் மேலே போய்விடுகிறது. நான் அந்த ரீலை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். பதினைந்தாவது தடவை வாக்கில்தான் ஒன்று உறைத்தது: வண்டியின் முழங்காலுக்குக் கீழே ஒரு காட்சிகூட இல்லை. கதவின் அடி விளிம்பு இல்லை, ஃபுட்போர்டு இல்லை, டிக்கிக்குள் ஸ்டெப்னி வைக்கிற பள்ளம் இல்லை. பத்மினியில் துரு பிடிக்கிற இடங்கள் எவையோ, அவை மட்டும் ஒன்றுவிடாமல் விடுபட்டிருந்தன. அடியில் எங்கே பார்க்கக் கூடாது என்று தெரிந்த ஒருவர்தான் அந்த கேமராவைப் பிடித்திருக்க வேண்டும்.

கீழே எழுதியிருந்த வாசகம் அதைவிட சுவாரஸ்யம். "மின்ட் கண்டிஷன், ஃபுல் ரீஸ்டோர்டு, 100% ஒரிஜினல், வின்டேஜ் பியூட்டி, விலைக்கு டிஎம்." இதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். முழுக்கப் பிரித்துப் புதுப்பித்தது என்றால் பெயிண்ட், ரெக்சின், ரப்பர் எல்லாம் புதுசு, அப்புறம் எது நூறு சதவீதம் ஒரிஜினல்? ஒரிஜினல் என்றே வைத்துக்கொண்டாலும் அந்த ரீலிலேயே அலாய் வீல் சுற்றுகிறது, டேஷ்போர்டில் டச் ஸ்கிரீன் மினுங்குகிறது. இரண்டு சொல்லும் தனித்தனியாக நல்ல சொற்கள்தான், சேர்ந்து வந்தால் எழுதியவருக்கு வண்டியைவிட வாங்குகிறவனை நன்றாகத் தெரியும் என்று அர்த்தம்.

'வின்டேஜ்' என்ற சொல்லுக்கும் இப்போது சட்டத்தில் அளவு இருக்கிறது. 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த திருத்தப்படி, முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, வணிகத்துக்குப் பயன்படாத வண்டிதான் வின்டேஜ். அதற்கெனத் தனிப் பதிவு உண்டு, நம்பரில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். எண்பதுகளின் பத்மினி இதற்குள் வரவே வராது. ஒருவேளை டீலரிடம் நிஜமாகவே அப்படிப் பதிவான வண்டி இருந்தாலும் என்னைப் போன்றவனுக்கு உதவாது: அந்தப் பதிவில் இருக்கிற வண்டியைக் கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு எடுத்துப்போக என்று ஓட்டலாமே தவிர, தினப்படி வண்டியாகச் சாலையில் ஓட்டக் கூடாது. விளம்பரத்தில் பெருமையாகப் போடுகிற ஒரு சொல், ஏற்காட்டுக்கு வாரா வாரம் போக நினைப்பவனுக்குக் கால்கட்டு.

ஆண்டு விஷயத்தில் இன்னும் வேடிக்கை நடக்கிறது. '1968 பத்மினி' என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். பத்மினி என்ற பெயரே 1974-ல்தான் வந்தது. 1964-ல் அது ஃபியட் 1100 டிலைட், நடுவில் கொஞ்ச காலம் பிரீமியர் பிரசிடென்ட். 1968 என்றால் அது டிலைட், பத்மினி என்றால் அது 1968 இல்லை, இரண்டில் ஒன்று பொய் அல்லது அறியாமை. அம்பாசடரில் இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. மார்க் 3 வந்தது 1975-ல், மார்க் 4 வந்தது 1979-ல். ஆனால் எல்லோருக்கும் பிடித்தது கட்டம் போட்ட கிரில் உள்ள மார்க் 2. மார்க் 4-க்கு அந்த கிரிலை மாட்டி, போட்டோ எடுத்து, 'மார்க் 2, ரேர்' என்று போட்டுவிடுகிறார்கள். முகத்தை மாற்றலாம், ஆர்.சி.யில் இருக்கிற தயாரிப்பு ஆண்டை மாற்ற முடியாது. அதனால்தானோ என்னவோ, ஆர்.சி. போட்டோ மட்டும் எந்த ரீலிலும் வருவதில்லை.

பட்டறை விளம்பரத்துக்கு வருவோம். இதை விளம்பரம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். அந்த அண்ணன் தினமும் ஒரு வீடியோ போடுகிறார், பாட்டு கிடையாது, கட்டிங் மிஷின் சத்தம்தான். தரைத் தகட்டை வெட்டி எடுத்த ஓட்டை வழியாகக் கையை விட்டு ஆட்டிக் காட்டுகிறார். பழைய பெயிண்டைச் சுரண்டினால் உள்ளே மூன்று கலர் அடுக்கடுக்காக வருகிறது, அதற்குக் கீழே அரை இஞ்ச் கனத்துக்குப் பட்டி, அதாவது தகட்டின் பள்ளத்தை மூடப் பூசுகிற பசை. "எந்தப் புண்ணியவான் பண்ண வேலையோ" என்கிறார். இதைப் பார்த்துப் பார்த்தே எனக்கு டீலர் ரீலைப் படிக்கத் தெரிந்தது என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் இதிலும் ஒரு கண்கட்டு இருக்கிறது, எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. நாம் பார்க்கிற அத்தனை வீடியோவும் வேறு யாரோ கஸ்டமருடைய வண்டி. அவர் விற்பதாகச் சொன்ன பத்மினி பட்டறை ஓரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் வெறும் கூடாக நிற்கிறது, யாரோ பாதியில் விட்டுப் போனது. அதாவது அவர் காட்டுவது தன் கைவேலையை, விற்பது இனிமேல் செய்யப்போகிற வேலையை. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு நாம் வாங்குவது காலத்தை. நேரில் போனபோது எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன், "ரெண்டு மாசம் சாமி" என்றார். பக்கத்தில் நின்ற வெள்ளை அம்பாசடரைக் காட்டி அது எப்போது வந்தது என்றேன். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி.

பட்டியைப் பற்றியும் கேட்டேன். சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்திருந்தேன், அதை அவரே வாங்கி, முடித்து வைத்திருந்த ஒரு வண்டியின் மட்கார்டில் ஒட்டிக் காட்டினார். பட்டி கனமாக இருந்த ஒரு இடத்தில் பிடிக்காமல் நழுவியது. "பட்டி இல்லாத வண்டி கெடையாது சாமி, எவ்வளவுங்கறதுதான் பேச்சு." டீலர் வாயில் இந்த வாக்கியம் வராது.

ஓனர் போட்டது நாலு போட்டோ. ஒன்றில் வண்டியைவிடக் கொடியில் காய்கிற வேட்டி தெளிவாகத் தெரிகிறது. வாசகம்: "1986 பத்மினி. அப்பா வண்டி. ஃபுட்போர்டு ரெண்டு பக்கமும் துரு. லாங் போனா ஹீட் ஆகும். ஆர்.சி. இருக்கு. 1.40, குறைக்கறதில்ல." இவ்வளவுதான். மூன்றில் விலை எழுதியிருந்த ஒரே விளம்பரம் இதுதான், குறை எழுதியிருந்ததும் இதுதான்.

அமெரிக்காவில் பிரிங் எ டிரெய்லர் என்று ஒரு ஏலத் தளம் இருக்கிறது, 2007-ல் தொடங்கியது. தூக்கம் வராத ராத்திரிகளில் அதைப் பார்ப்பேன், வாங்க இல்லை, சும்மா. ஒரு வண்டிக்கு நூறு, இருநூறு போட்டோ போடுகிறார்கள், பாதி வண்டிக்கு அடியில் எடுத்தவை. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுகிற வீடியோ, சேஸிஸ் நம்பர் தகடு, எங்கே சொட்டை, எங்கே மறு பெயிண்ட் எல்லாம் இருக்கும். அங்கே 'மேட்சிங் நம்பர்ஸ்' என்று ஒரு சொல் உண்டு, ஃபேக்டரியில் அந்த வண்டிக்கு மாட்டிய இன்ஜினே இன்னும் இருக்கிறது என்று பொருள், விலையே அதனால் மாறும். அங்கிருப்பவர்கள் எல்லோரும் அரிச்சந்திரன் வம்சம் என்று சொல்ல வரவில்லை. ஏலம் முடிவதற்குள் யார் வேண்டுமானாலும் குடைந்து குடைந்து கேட்கலாம், பதில் எல்லோர் கண்ணிலும் படும், மறைத்தால் விலை விழும். நம் ஊரில் 'விலைக்கு டிஎம்' என்று ஒவ்வொருவனையும் தனி அறைக்குக் கூப்பிட்டுப் பேசுவதால் அந்த பயம் இல்லை.

அந்தத் தளத்திலிருந்து திருடிய மூன்று கேள்விகளைத்தான் நம் மூன்று பேருக்கும் அனுப்பினேன். ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினைக் காலையில் ஸ்டார்ட் பண்ணி, கட் இல்லாத ஒரே வீடியோ. ஜாக்கி போட்டு அடித் தகட்டின் போட்டோ. ஆர்.சி.யும், இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் தெரிகிற போட்டோவும்.

டீலரிடமிருந்து அரை மணி நேரத்தில் பதில், ரொம்ப மரியாதையாக. வீடியோ வந்தது, ஆனால் கேமரா ஆன் ஆகும்போதே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அடித் தகட்டுக்கு "நேர்ல வாங்க சார், நீங்களே பாருங்க." ஆர்.சி.க்கு "டோக்கன் போட்டதும் அனுப்புறோம்." இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களுக்கு ஆகாதே, மாற்றியிருக்கிறீர்களா என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்டேன், "பிரீமியம் பெட்ரோல் போடுங்க சார்" என்று வந்தது. பட்டறை அண்ணனிடம் ஸ்டார்ட் பண்ண இன்ஜினே வண்டியில் இல்லை, ஆனால் அடித் தகடு மட்டும் பதினோரு போட்டோ, பெட்ரோல் குழாயும் பம்ப் டயாஃப்ரமும் எதற்கு மாற்ற வேண்டும் என்று மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜ். ஓனர் இரண்டு நாள் கழித்து அனுப்பினார்: சோக்கை இழுத்து நாலாவது முயற்சியில் பிடிக்கிறது, ஆயில் எரிகிற நீலப் புகையாக இல்லாமல் வெள்ளையாகக் கொஞ்சம் புகை, அப்புறம் சீராக ஓடுகிறது. ஆர்.சி. இரண்டு பக்கமும் வந்தது. நம்பர்கள் பொருந்தின.

அந்த ஆர்.சி.யில்தான் சிக்கலும் இருந்தது. வண்டி இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கிறது. முதலில் படிவம் 31 போட்டு, வாரிசுச் சான்றிதழ் வைத்து மகன் பெயருக்கு மாற்ற வேண்டும், பெங்களூரில் இருக்கிற அக்கா சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கப்புறம்தான் படிவம் 29, 30 என்று என் பெயருக்கு வரும். பதிவைப் புதுப்பிக்கிற செலவு வேறு. 2022 வரை காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆகி, 2025-ல் இருபது ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 ஆகிவிட்டது. இந்த இடத்தில் டீலருக்கு மார்க் போட்டே ஆக வேண்டும். இந்த அலைச்சல் எதுவும் நம் தலையில் விழாது, சாவியும் பேப்பரும் ஒரே நாளில் கைக்கு வரும், நாளைக்கு ஏதாவது என்றால் போய் நிற்க ஒரு கடை வாசல் இருக்கும். ஆபீசில் லீவு கிடைக்காதவர்கள், ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்றாலே வயிற்றைக் கலக்குகிறவர்கள் டீலரிடமே வாங்கட்டும், ஆனால் கடையில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் மாதிரி லைட் போட்டிருந்தால் வெளியே வெயிலில் தள்ளி நிறுத்தச் சொல்லிப் பார்த்துவிட்டு. பட்டறை, அவசரமில்லாதவர்களுக்கு. வாரம் ஒரு தடவை நேரில் போய் நிற்க முடிந்தவர்களுக்கு மட்டும்.

நான் ஆத்தூர் வண்டியை எடுத்தேன். அக்கா கையெழுத்துக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதை ஓட்டி வரும்போது வாழப்பாடி தாண்டியதும் விளம்பரத்தில் சொன்னபடியே ஹீட் ஆனது, வேப்பமரத்தடியில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தேன். இப்போது அதே குகைப் பட்டறையில் நிற்கிறது. ஃபுட்போர்டு வெட்டியாகிவிட்டது, நேற்றைய வீடியோவில் ஓட்டைக்குள் கை விட்டு ஆட்டியது என் வண்டியில்தான். மே மாதக் கோடை விழாவுக்கு முன்னால் முடிந்துவிடும் என்கிறார். எந்த வருஷத்து மே என்று நானும் கேட்கவில்லை.