"மும்பை கோர்ட்டுக்குத்தான் போகணும்" என்று வங்கி சொன்னால் நம்பாதீர்கள்

கிரெடிட் கார்டில் பணம் பறிகொடுத்தவர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். "உங்க ஊரில் கேஸ் போட முடியாது" என்று சொன்னதை நம்பி ஐந்து மாதத்தை வீணாக்கினேன்.

நான் இருப்பது கோயம்புத்தூர். போன வருடம் ஆவணியில் ஒரு நாள், ராத்திரி இரண்டு மணிக்கு மேல் வரிசையாக மூன்று எஸ்எம்எஸ். ஏதோ வெளிநாட்டு இணையதளத்தில் 68,400 ரூபாய் போயிருந்தது. ஓடிபி வரவே இல்லை (வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி இல்லாமலே எடுத்துவிடலாம் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்). விடிவதற்குள் கார்டை பிளாக் செய்து, வங்கியில் புகார் எண் வாங்கி, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் சொல்லிவிட்டேன்.

காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், "இது எங்க லிமிட்டில் வராதுங்க, பேங்க் ஹெட் ஆபீஸ் மும்பைதானே, அங்க கொடுங்க" என்றார்கள். வங்கியோ பணத்தைத் தர முடியாது என்று ஒரே வரியில் மெயில் போட்டது. திரும்பத் திரும்பக் கேட்டதும் கார்டு விதிமுறைகளின் கடைசிப் பக்கத்தை அனுப்பினார்கள். எறும்பு சைஸ் எழுத்தில், தகராறு எதுவானாலும் மும்பை நீதிமன்றங்களுக்கு மட்டுமே உட்பட்டது என்று இருந்தது. அதைப் பார்த்ததும் மனசு விட்டுப்போனது, இந்தத் தொகைக்காக எத்தனை முறை மும்பைக்கு ரயிலேறுவது? இதற்கிடையே பில் வட்டியோடு ஏறிக்கொண்டே இருந்தது, வசூல் ஆட்கள் அப்பாவின் நம்பருக்கே போன் போட்டார்கள்.

மச்சானுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர்தான் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது நுகர்வோர் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாதுங்க" என்றார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். என் தொகைக்குக் கட்டணமே கிடையாது, ஆன்லைனிலேயே தாக்கல் செய்தேன்.

போலீஸ் சொன்னதும் தவறுதான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் ஸ்டேஷனில் தகவலை வாங்கிக்கொள்ளச் சொல்கிறது. ஜீரோ எஃப்ஐஆர் (எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் பதியும் முதல் தகவல் அறிக்கை) என்று கேளுங்கள். போனிலோ மெசேஜிலோ பேசி ஏமாற்றியிருந்தால், அந்தச் செய்தி உங்களுக்கு வந்து சேர்ந்த ஊர் நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்று 202-ஆம் பிரிவு சொல்கிறது.

ரிசர்வ் வங்கி 2017-இல் சுற்றறிக்கையாகக் கொண்டுவந்த விதியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தவறு உங்கள் மேலும் வங்கி மேலும் இல்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு பைசா பொறுப்பு இல்லை, உங்கள் மேல்தான் தவறு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் போகலாம், அதற்கும் ஊர் எல்லை கிடையாது. ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தால் குறைதீர்ப்பாளர் புகாரை எடுக்க மாட்டார், அதனால் எதற்கு முதலில் போவது என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

எனக்குக் கேஸ் நம்பர் ஆகிவிட்டது. வங்கியின் வக்கீல் முதல் நாளே அந்த மும்பை விதியைத்தான் எடுத்தார், ஆணையம் ஏற்கவில்லை. அடுத்த வாய்தா சித்திரையில், வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம்.