காரை கிளீனிங்குக்கு விடும் முன் "எத்தனைக்கு எத்தனை கலக்குறீங்க?" என்று கேளுங்கள்

கோவையில் ஒரு கார் டீடெய்லிங் கடையில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. பிறகு வேறு சில கடைகளில் விசாரித்தபோது அங்கும் கிளீனிங் மருந்தில் அளவு பார்க்காமல் தண்ணீர் கலக்கும் இதே பழக்கம்தான் என்று தெரிந்தது. அதனால் பெயரைவிட விஷயம் தெரிவதுதான் உங்களுக்கு உதவும்.

ஊட்டியிலிருந்து இறங்கும்போது பர்லியார் வருவதற்குள் மகள் பின்சீட்டில் வாந்தி எடுத்துவிட்டாள். வீட்டில் இரண்டு நாள் துடைத்துப் பார்த்தும் வாடை போகவில்லை. சரி, உள்ளேயும் வெளியேயும் ஒரேயடியாகச் சுத்தம் செய்துவிடலாம் என்று 3,200 ரூபாய் பேக்கேஜுக்குக் கொடுத்தேன். காலை 10 மணிக்கு விட்டு மாலை இருட்டும் நேரத்தில் எடுத்தேன். எலுமிச்சை சென்ட் வாசனை, டேஷ்போர்டில் எண்ணெய்ப் பளபளப்பு. திருப்தியாகத்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை வெயிலில் பார்த்தபோது வயிறு எரிந்தது. கூரை மேல் இருக்கும் வெள்ளி நிற அலுமினிய ரெயில் இரண்டிலும், சுண்ணாம்புத் தண்ணீர் வழிந்து காய்ந்ததுபோல் வெள்ளைத் தாரைகள். ஈரத்துணியால் தேய்த்தேன். நனைந்திருக்கும்போது மறைந்தது, காய்ந்ததும் அப்படியே திரும்ப வந்தது. அப்போதுதான் புரிந்தது, அது மேலே படிந்த கறை இல்லை, உலோகத்தின் மேல்பூச்சே அரித்துப்போயிருக்கிறது. உள்ளே, டேஷ்போர்டில் தொடுதிரையைச் சுற்றியிருக்கும் கறுப்புப் பளபளப்பு பிளாஸ்டிக் முழுக்கப் பனி மூடியதுபோல் மங்கல். பின்சீட் துணி கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைப்பாக நின்றது. பத்தே நாளில் அந்த இடம் முன்பு இருந்ததைவிடக் கறுத்துப்போனது.

கடைக்குப் போனேன். உரிமையாளர் ரெயிலை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, "ஏழு வருஷ வண்டி மேடம், வெயில்ல நின்னு நின்னு வெளுத்திருக்கும். நாங்க தண்ணி கலந்துதான் அடிக்கிறோம், அதனால ஒண்ணும் ஆகாது" என்றார். நல்லவேளையாக ஊட்டியில் மகளைக் கார் பக்கத்தில் நிறுத்தி எடுத்த போட்டோ போனில் இருந்தது. அதில் ரெயில் சுத்தமாக மின்னுகிறது. காட்டினேன். "லைட்டிங்ல அப்படித் தெரியும்" என்றார்.

அவர் போன் பேச வெளியே போன நேரத்தில், என் வண்டியைக் கழுவிய தம்பியிடம் எதை அடித்தீர்கள் என்று கேட்டேன். "ஆல் பர்ப்பஸ் கிளீனர்தான் அக்கா. காலையில கேன்ல இருந்து பாட்டில்ல ஊத்திக்குவோம், கொஞ்சம் தண்ணி விடுவோம். டயருக்கும் அதுதான், சீட்டுக்கும் அதுதான்." எவ்வளவு தண்ணீர் என்றேன். பாட்டிலின் கழுத்தைக் காட்டினார். முக்கால் பாட்டில் மருந்து, கழுத்து வரை தண்ணீர். அந்தக் கடை முழுக்க அளவு போட்ட ஒரு ஜாடிகூட இல்லை.

பக்கத்தில் இருந்த ஐந்து லிட்டர் கேனைத் திருப்பிப் பார்த்தால், லேபிளிலேயே கட்டம் போட்டு எழுதியிருக்கிறது: டயர், வீல் ஆர்ச் (சக்கரத்தின் மேல் வளைவு) 1:4, அதாவது ஒரு பங்கு மருந்துக்கு நாலு பங்கு தண்ணீர். உள்பக்கம் 1:10 முதல் 1:20 வரை. அலுமினியத்தில் போடும் முன் ஓரத்தில் சோதித்துப் பார்க்கவும். அதையும் போட்டோ எடுத்துக்கொண்டேன். பின்னால் எனக்குக் கை கொடுத்ததில் அந்த போட்டோவும் ஒன்று.

இது ஏன் இவ்வளவு சேதம் செய்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். ஆல் பர்ப்பஸ் கிளீனர் பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது. அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவில் 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்; கேனில் இருக்கும் நிலையில் இது 11, 12, சிலதில் 13 வரைகூட இருக்கும். காரம்தான் கிரீஸையும் எண்ணெயையும் உடைக்கிறது, அதனால் டயரிலும் இன்ஜின் அடியிலும் நன்றாக வேலை செய்யும். ஆனால் அனோடைஸ் செய்த (மின்சாரம் செலுத்திப் பாதுகாப்புப் படலம் உண்டாக்கிய) அலுமினியத்தின் மேல்பூச்சு என்பது அலுமினியம் ஆக்சைடு. அது அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். கரைந்த பிறகு எந்த பாலிஷ் போட்டாலும் அந்தப் பூச்சு திரும்ப வராது, ரெயிலையே மாற்ற வேண்டியதுதான். சீட் துணியில் நடந்தது வேறு. கெட்டியாக அடித்த மருந்தைத் தண்ணீரில் அலசி எடுக்காமல் விட்டால் அந்தச் சோப்புப் பொருள் நூலிலேயே காய்ந்து தங்கிவிடும். உட்காருகிறவரின் வியர்வையும் தூசியும் அதில் ஒட்டி, சீக்கிரமே அழுக்காகும்.

"தண்ணி கலந்தா ஒண்ணும் ஆகாது" என்று அவர் சொன்னதிலும் ஒரு தப்பு இருக்கிறது. பிஎச் கணக்கில் ஒரு புள்ளி என்பது பத்து மடங்கு. பிஎச் 13 உள்ள திரவத்தைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்தாலும் சுமார் 12க்குத்தான் இறங்கும். அதனால் சரியாகக் கலந்தாலும்கூட அலுமினியம், தொடுதிரை, மீட்டர் கண்ணாடி இவற்றில் அதை அடிக்கவே கூடாது. திரைக்கு ஈர மைக்ரோஃபைபர் துணி போதும்.

இப்போது என் காரை நானே செய்துகொள்கிறேன். 1:10 என்றால் ஒரு பங்கு மருந்து, பத்து பங்கு தண்ணீர், மொத்தம் பதினொரு பங்கு. 500 மில்லி பாட்டிலுக்கு 45 மில்லி மருந்து, மீதி 455 மில்லி தண்ணீர். 1:4 என்றால் 100 மில்லி மருந்து, 400 மில்லி தண்ணீர். பலர் 1:4 என்பதை நாலில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டு 125 மில்லி ஊற்றிவிடுகிறார்கள். குழந்தைகளின் சிரப்போடு வரும் அளவு மூடி ஒன்றை இதற்கென்றே தனியாக வைத்திருக்கிறேன். தண்ணீரை முதலில் ஊற்றி, பிறகு மருந்தை விட வேண்டும். மாற்றிச் செய்தால் பாட்டில் முழுக்க நுரைதான் வரும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விழும், அதனால் ஆர்ஓ தண்ணீரில் கலக்கிறேன். டயர் பாட்டிலும் உள்பக்கப் பாட்டிலும் வேறு வேறு நிறம், மேலே மார்க்கரில் விகிதம் எழுதியிருக்கும். நிழலில், வண்டி சூடு ஆறிய பிறகு, துணியில் அடித்துத் துடைத்து, காய்வதற்குள் இன்னொரு ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இரண்டாவது துணியை மட்டும் யாரும் தவிர்க்காதீர்கள்.

கடையில்தான் கொடுப்பேன் என்றால் மூன்று விஷயம் பாருங்கள். உள்பக்கத்துக்கு என்ன விகிதம் என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் யோசிக்காமல் பதில் சொல்வார். அளவு ஜாடி கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். வண்டியை விடும்போது ரெயில், டேஷ்போர்டு, சீட் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போதும் பகலிலேயே எடுங்கள். நான் வண்டியை இருட்டில் எடுத்ததால்தான் அன்றே கேட்க முடியாமல் போனது.

பில் வாங்காமல் வராதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், சேவைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. என் விஷயத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. பில், ஊட்டி போட்டோ, லேபிள் போட்டோ மூன்றையும் இணைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். ஒரு வாரத்தில் உரிமையாளரே கூப்பிட்டு 3,200 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். ரெயிலுக்குப் பணம் தர மாட்டேன் என்றுவிட்டார், அதை இன்னும் விடவில்லை.

பணம் வாங்கப் போன அன்று அந்தத் தம்பி ஒரு வண்டியின் டயரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கையுறை இல்லை. விரல் நுனிகளில் தோல் வெளுத்து, வெடித்து, சில இடங்களில் உரிந்திருந்தது. அலுமினியத்தை அரிக்கிற அதே காரம், நாள் முழுக்க. ரெயிலை விடுங்கள், முதலில் இவருக்குக் கையுறை வாங்கிக் கொடுங்கள் என்று உரிமையாளரிடம் சொன்னேன். "சொன்னாலும் போட மாட்டேங்கறான் மேடம்" என்றார். கடையில் எங்கே வைத்திருக்கிறீர்கள், காட்டுங்கள் என்றேன். அவரால் காட்ட முடியவில்லை.