கோட்பெர்குக்கு மாறலாமா?

வீடியோக்களின் சப்டைட்டில் முன்பின்னாக ஓடினால் நேரத்தைச் சரிசெய்யும் சின்ன நிரல் ஒன்றை நாங்கள் ஒரு சிலர் பராமரிக்கிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. நேரில் சந்தித்துக்கொண்டதும் கிடையாது. அதன் மூல நிரலும் மாற்ற வரலாறும் இருக்கும் ரெப்போவை, நிரல்களை வைத்துக் கூட்டாக வேலைசெய்ய இடம் தரும் கோட்பெர்க் என்ற இணையதளத்துக்குக் கொண்டுபோனதிலிருந்து, "அங்கே எப்படி இருக்கிறது, நாங்களும் வரலாமா?" என்று மற்ற திட்டக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வரலாம். நிரலை நகர்த்துவது லேசான வேலைதான்; ஆட்களை நகர்த்துவதற்குத்தான் தெம்பு வேண்டும்.

கோட்பெர்க் கம்பெனி அல்ல. 2018-ல் பெர்லினில் தொடங்கிய லாபநோக்கற்ற சங்கம் அதை நடத்துகிறது. சந்தாவும் நன்கொடையும்தான் வருமானம். வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதெல்லாம் நமக்கு எதற்கு என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். கம்பெனி கையில் இருந்தால் என்ன ஆகும் என்று சில பழைய கதைகளைச் சொன்னேன். இதே போன்ற தளமான கூகுள் கோட் 2015-ல் மூடப்போவதாக அறிவித்து 2016 ஜனவரியில் மூடிவிட்டது. அதே 2015-ல் இன்னொரு தளமான சோர்ஸ்ஃபோர்ஜ், கிம்ப் என்ற பட மென்பொருளின் குழு விட்டுவிட்டுப் போன பக்கத்தைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு, விண்டோஸ் நிறுவியோடு விளம்பர மென்பொருளைக் கட்டிக்கொடுத்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டது. கோட்பெர்க் ஓடும் ஃபோர்ஜெயோ மென்பொருள் பிறந்த கதையும் இதே ரகம்தான். 2022-ல் கிட்டீயா என்ற மென்பொருளின் பெயரும் டொமைனும் ஒரு கம்பெனியின் கைக்குப் போனதும், பங்களிப்பாளர்களில் ஒரு பகுதியினர் பிரிந்து வந்து தொடங்கியது அது. கேட்டவர் அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதமா, சலிப்பா, தெரியாது.

மாற்றும் வேலை நன்றாகவே நடந்தது. பழைய இடத்தின் டோக்கனை (அணுகல் சாவி) கொடுத்தால் கமிட் (பதிந்த மாற்றங்கள்) வரலாறு மட்டுமல்ல, இஷ்யூ (பிழை, கோரிக்கைப் பதிவுகள்), புல் ரிக்வெஸ்ட் (சேர்க்கச் சொல்லி மற்றவர்கள் அனுப்பும் மாற்றங்கள்), லேபிள், மைல்ஸ்டோன், வெளியீடுகள் எல்லாம் வந்துவிடுகின்றன. இஷ்யூ எண்கள் மாறுவதில்லை. பழைய கமிட் செய்தியில் இருக்கும் எண்ணைச் சொடுக்கினால் சரியான இஷ்யூவுக்கே போகிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. ஆனால் பழைய கருத்துகளை எழுதியவர்களின் பெயர் வெறும் எழுத்தாக மட்டுமே வருகிறது, அவர்களுடைய புதிய கணக்கோடு தானாக ஒட்டிக்கொள்வதில்லை. "என் பேரு இருக்கு, நான் இல்லை" என்றார் எங்கள் மூத்த பங்களிப்பாளர் ஒருவர். அவர் கணக்கு தொடங்கி உள்ளே வர வெகுநாள் ஆயிற்று.

தானியங்கிச் சோதனைகளில்தான் பொறுமை தேவைப்படும். மாற்றம் வரும்போதெல்லாம் நிரலைத் தானாகச் சோதிக்கும் வுட்பெக்கர் என்ற கருவி வேண்டுமென்றால் விண்ணப்பம் போட வேண்டும். ஒரு மனிதர் அதைப் படித்துப் பார்த்து அனுமதி தருவார். ஃபோர்ஜெயோ ஆக்ஷன்ஸ் என்று இன்னொன்றும் உண்டு. பார்க்க கிட்ஹப் தளத்தின் ஆக்ஷன்ஸ் மாதிரியே இருக்கும். ஆனால் அச்சு அசலாக ஒத்துப்போகும் என்று அவர்களே சொல்வதில்லை, பழக்கப்பட்டதாக இருக்கும் என்றுதான் சொல்கிறார்கள். சோதனைப் படிகளை எழுதிவைத்த எங்கள் பழைய யாமல் கோப்புகளில் லினக்ஸ் பகுதி சிறு திருத்தங்களோடு ஓடியது. விண்டோஸ் பில்டுக்கு எங்களில் ஒருவர் சும்மா கிடந்த கணினியை, இந்த வேலைகளை ஓட்டும் ரன்னராக இணைத்தார். இதைச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொது ரெப்போவில் யார் வேண்டுமானாலும் புல் ரிக்வெஸ்ட் அனுப்பலாம். அதில் உள்ள நிரல் உங்கள் வீட்டு எந்திரத்தில் ஓடும். முன்பின் தெரியாதவர் அனுப்பியதை ஒருவர் கண்ணால் பார்த்த பிறகே ஓட விடுகிறோம். ரன்னரையும் தனி விர்ச்சுவல் மெஷினுக்குள் (கணினிக்குள் பிரித்து வைத்த இன்னொரு கணினி) வைத்திருக்கிறோம்.

ஆட்களை நிர்வகிக்கும் வசதி போதுமானது. ஆர்கனைசேஷன் தொடங்கி, உள்ளே குழுக்களாகப் பிரிக்கலாம். இஷ்யூக்களை வகைப்படுத்துகிறவர்களுக்கு நிரலில் கை வைக்கும் உரிமை தேவையில்லை, அதைத் தனியாக நிறுத்த முடிகிறது. நிரலின் முதன்மைப் பிரதியான மெயின் கிளைக்குப் பாதுகாப்பு போட்டு, இன்னொருவர் ஒப்புதல் இல்லாமல் யாரும் (நானும்தான்) சேர்க்க முடியாதபடி வைத்திருக்கிறோம். 2024-ல் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நிரல் நூலகத்தில் பின்கதவு வைக்கப்பட்ட விவகாரத்தில், களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளரை நச்சரித்துத்தான் இன்னொருவர் உள்ளே நுழைந்தார். அதைப் படித்த பிறகு உரிமையாளர் பொறுப்பை ஒரே ஆளிடம் விட எங்களுக்கு மனம் வரவில்லை.

குறைகளும் உண்டு. பிழை சொல்ல வரும் சாதாரணப் பயனர் பலருக்கு இங்கே கணக்கு இல்லை, புதிதாகத் தொடங்கச் சொன்னால் போய்விடுகிறார்கள். மாறிய புதிதில் பிழை அறிக்கைகள் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தன. நிரல் அவ்வளவு நன்றாகிவிட்டது என்று நினைக்க ஆசைதான். புதிய மாற்றங்களைத் தானாக நகலெடுத்து அனுப்பும் புஷ் மிரரைப் பழைய முகவரிக்குப் போட்டு, அங்கே இஷ்யூ பகுதியை மூடி, புதிய முகவரியை ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பின் முதல் வரியில் வைத்தபின் கொஞ்சம் சீரானது. வெளியிலிருந்து தானாக இழுத்துக்கொள்ளும் புல் மிரரை கோட்பெர்க் நிறுத்தி வைத்திருக்கிறது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பக்கங்களைத் தானாக அள்ளிப்போகும் ஏஐ நிறுவனங்களின் கிராலர்கள் வந்து மொய்ப்பதைத் தடுக்க அனுபிஸ் என்ற காவல் திரை உண்டு. சில பக்கங்களுக்கு முன் கொஞ்சம் காத்திருக்க நேரும். 2025 ஆகஸ்டில் சில கிராலர்கள் அதையும் தாண்டிவிட்டதாக கோட்பெர்கே அறிவித்தது. கட்டற்ற உரிமம் இல்லாத திட்டத்துக்கு இடமில்லை. தனியார் ரெப்போக்களைக் குவித்து வைக்க நினைப்பவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது.

நான் எதிர்பார்க்காத லாபம் மொழிபெயர்ப்பில் வந்தது. கோட்பெர்க் தன் பயனர்களுக்காகவே வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புக் கருவியை நடத்துகிறது. எங்கள் இடைமுகச் சொற்களை அதில் ஏற்றினோம். கிட் (நிரல் மாற்றங்களைப் பதியும் கருவி) என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் உலாவியிலேயே மொழிபெயர்த்துச் சேமிக்கிறார்கள், கமிட் தானாக வந்து சேர்கிறது. அப்படி வந்த ஒருவர், ஒரே ஆங்கிலச் சொல்லை இரண்டு பொத்தான்களில் வெவ்வேறு பொருளில் வைத்திருக்கிறீர்களே என்று கேட்டு இஷ்யூ திறந்தார். நிரலை எழுதிய எங்கள் யார் கண்ணிலும் அது பட்டதில்லை. இப்போது அவர் இஷ்யூக்களை வகைப்படுத்தும் குழுவில் இருக்கிறார்.