24,500 ரூபாவுக்கு வாங்கிய ரேம், ஏமாந்த கதை

இப்பதான் கடையிலிருந்து வந்தேன், நாலாவது தடவை. இன்னும் வயிறு எரிகிறது. திருகோணமலை டவுனில் கணினி உதிரிப்பாகம் விற்கும் ஒரு கடை, பெயர் வேண்டாம். ரேம் எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

கல்யாண வீடியோ எடிட் செய்யும் கணினிக்கு 8 ஜிபி இரண்டு, டிடிஆர்4 3200, சிஎல்16 என்று துண்டில் எழுதிக்கொண்டுதான் போனேன். டிடிஆர்4 ரேமின் வகை, 3200 வேகம், சிஎல் என்பது கேட்ட தரவைக் கொடுக்க ரேம் எடுக்கும் தாமதம்; ஒரே வேகத்தில் சிஎல் எண் குறைந்தால் நல்லது. கடைக்காரர் வாசித்துவிட்டு, "தம்பிக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு" என்றார். அங்கேதான் விழுந்தேன். "இருங்கோ, நானே பூட்டித் தாறன்" என்று பிளேன்டீ வேறு வந்தது. குடித்து முடிப்பதற்குள் பூட்டி, மூடி, ஆணிக்கு மேல் வாரண்டி ஸ்டிக்கரும் ஒட்டியாயிற்று. திரையில் 16 ஜிபி, 3200 என்று காட்டினார். 24,500 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். பில்லில் "16 ஜிபி ரேம்" மட்டும்தான்.

வீட்டில் சிபியு-இசட் (கணினிக்குள் என்ன பூட்டியிருக்கிறது என்று காட்டும் மென்பொருள்) போட்டுப் பார்த்தால் 1600. நெஞ்சு திக்கென்றது. அது பிழையில்லையாம், ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தரவு போவதால் 1600 தான் 3200. பிழை அதற்குக் கீழே இருந்தது: 22-22-22. முதல் எண்தான் சிஎல். எக்ஸ்எம்பி, அதாவது தயாரிப்பாளர் ரேமில் பதிந்து வைக்கும் கூடிய வேக அமைப்பு, அந்த வரியே இல்லை. 1.2 வோல்ட் சாதாரண ரேம், மேலே விலை கூடிய ரேம் மாதிரிச் சிவப்புத் தகடு!

சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ செக்கனில் வரும். 16க்கு 10, 22க்கு 13.75. 3600 சிஎல்18 வாங்கினாலும் அதே 10 தான். இந்த 3.75க்கா சண்டை என்று என் தம்பி கேட்கிறான். வேலையில் பெரிதாகத் தெரியாது, உண்மைதான், ஆனால் என்னிடம் 24,500 வாங்கியது சிஎல்16 விலை சொல்லித்தானே.

முதல் நாள், "3200 எண்டா 3200 தான் தம்பி." அடுத்த நாள், முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார். மூன்றாவது தடவை, லேபிள் பார்க்க நான் மூடியைத் திறந்ததில் ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதாம், வாரண்டி இல்லையாம். இன்று ரேம் வந்த பெட்டியையாவது காட்டுங்கள் என்றேன். "வாசலில நிண்ட மான் திண்டிருக்கும்" என்று வேலைக்கார பெடியன் சிரிக்கிறான். டவுனில் திரியும் நம்மூர் மான் கார்ட்போர்ட் தின்னும், ஒத்துக்கொள்கிறேன். 24,500 ரூபாவையுமா தின்னும்?

சரி, விளக்கமாக எழுதப் பொறுமையில்லை. பில்லில் சிஎல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். பூட்டுமுன் லேபிளைப் போனில் படம் எடுங்கள். பெட்டியை விட்டுவிட்டு வராதீர்கள். பிளேன்டீ வேண்டாம் என்று சொல்லுங்கள்.

திங்கட்கிழமை திரும்பவும் போகிறேன்.