82 கிராமில் ஒரு கருவிப்பெட்டி: மலைக்கும் வீட்டுக்கும் ஒரே பாக்கெட் கத்தி

மல்டி-டூல் (பல கருவிகள் ஒன்றாக மடங்கும் பாக்கெட் கருவி) வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "கட்டிங் பிளேயர் இருக்கா?" என்றுதான். சில வருடங்களாக ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பெங்களூரிலும் சுற்றியுள்ள மலைகளிலும் திரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கத்தரிக்கோல் இருக்கிறதா என்று கேளுங்கள். பிளேயரைப் பற்றி அப்புறம் பேசலாம்.

என்னிடம் இருப்பது விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் கம்பெனியின் கிளைம்பர் கத்தி. மடக்கினால் 91 மில்லிமீட்டர் நீளம், எடை 82 கிராம். பெரிய கத்தி, சின்னக் கத்தி, கத்தரிக்கோல், டின் திறப்பான், பாட்டில் ஓப்பனர், கார்க் ஸ்க்ரூ, குத்தூசி, ஒரு கொக்கி, பிடிக்குள் செருகிய முள்வாங்கி, பல்குத்தி, அவ்வளவுதான். இதை வாங்கும்போது எதிரே நின்றது லெதர்மேன் வேவ் பிளஸ். அதன் எடை 241 கிராம், பல செல்போன்களைவிட அதிகம். விலையும் பல மடங்கு. என் நண்பர் ஒருவர் அதை வைத்திருக்கிறார். பிளேயர் உறுதி, கத்தி பூட்டிக்கொள்ளும், ஒரு கையாலேயே திறக்கலாம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் அதைப் பைக்கில் தூரப் பயணம் போகும்போதுதான் எடுக்கிறார். மற்ற நாட்களில் அது மேசை டிராயரில் கிடக்கிறது. வீட்டு வேலைக்கு டபாரியா பிளேயர் ஒன்றும் ஒரு டெஸ்டரும் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கின்றனவே. முழு அளவுப் பிளேயர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மடக்குப் பிளேயரை யார் தேடுவார்கள்?

இரண்டு கம்பெனிகளும் எங்கிருந்து தொடங்கின என்று பார்த்தால் இந்த வித்தியாசம் புரியும். டிம் லெதர்மேன் 1975-இல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் அடிக்கடி தொல்லை கொடுக்க, கையில் இருந்த கத்தியில் ஒரு பிளேயரும் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். அதிலிருந்து வந்த கம்பெனி 1983-இல் தொடங்கியது. என் விக்டோரினாக்ஸின் கதை வேறு. அதை நிறுவிய கார்ல் எல்சனர் சுவிட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் 1884-இல் பட்டறை தொடங்கினார், ராணுவ அதிகாரிகளுக்கான கத்தியை 1897-இல் பதிவு செய்தார். ரொட்டி நறுக்க, டின் திறக்க, பாட்டில் திறக்க என்று பெரும்பாலும் சாப்பாட்டை ஒட்டி வளர்ந்த கத்தி அது. வார இறுதியில் பஸ் பிடித்து மலை ஏறி, உச்சியில் உட்கார்ந்து கொய்யா நறுக்கி மிளகாய்ப்பொடி தூவிச் சாப்பிடுகிற என்னைப் போன்றவனுக்கு எந்தக் கதை பொருந்தும் என்று சொல்லவே வேண்டாம்.

மலையில் இது என்ன செய்கிறது? பெங்களூரைச் சுற்றியுள்ள சாவன்துர்கா, மாகளிதுர்கா, ஸ்கந்தகிரி மாதிரி அரைநாள் ஏற்றங்களில் கத்தியைவிடக் கத்தரிக்கோலுக்குத்தான் வேலை அதிகம். குதிகாலில் கொப்புளம் வரும்போல் தோன்றினால் பிளாஸ்டரை வட்டமாக வெட்டி ஒட்ட வேண்டும். சதுரமாக ஒட்டினால் மூலை சுருண்டு, காலுறையோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பல்லால் கிழித்தால் பாதிப் பொடி மண்ணுக்குப் போகும். அடுத்தது முள்வாங்கி. சாவன்துர்காவின் பாறைக்குக் கீழே முள்புதர்தான். ஒடிந்து தோலுக்குள் நிற்கும் முள்ளை நகத்தால் நோண்டினால் இன்னும் உள்ளேதான் போகும். இந்த முள்வாங்கி மெல்லியது, ஆனால் நுனி சரியாகச் சேர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அட்டை கடித்தால் மட்டும் இதை எடுக்காதீர்கள். அட்டையை நடுவில் பிடித்து இழுக்கக் கூடாது. வாய்ப் பக்கம் நகத்தை வைத்துத் தள்ளினால் தானாக விடும்.

குத்தூசியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் குமார பர்வதத்தில் (1,712 மீட்டர்) கூட வந்தவரின் ஷூ அடிப்பாகம் பாதி வழியில் வாயைப் பிளந்தது. பாலியூரிதேன் அடிப்பாகம் உள்ள ஷூக்களின் தலைவிதி அது. போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் காற்றின் ஈரம் அந்தப் பொருளைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். புதிது போலத் தெரியும், நாலு மணி நேரம் நடந்தால் உதிரும். இந்தக் குத்தூசியின் உடலில் நூல் கோக்க ஒரு துளை உண்டு. ஓரத்தில் ஓட்டை போட்டு நைலான் கயிறால் நாலு தையல் போட்டோம், கீழே இறங்கும்வரை தாங்கியது. பிளேயர் இல்லையே என்று நான் நினைத்த இடமும் அதுதான். ஈரக்கையால் அந்தக் கயிற்றை ஓட்டை வழியாக இழுத்தது பெரும்பாடு. இன்னொன்று, இந்தக் கத்தியில் எதுவும் பூட்டிக்கொள்ளாது. குத்தூசியைத் திருகித் திருகி இறக்க வேண்டும். பக்கவாட்டில் அழுத்தினால் மடங்கி விரலில்தான் வந்து நிற்கும்.

வீட்டில் இதன் வாழ்க்கை இன்னும் சாதாரணம். காலையில் நந்தினி பால் பாக்கெட், பிறகு கூரியர் பெட்டியின் டேப், தண்ணீர் கேனின் பிளாஸ்டிக் உறை, அம்மாவின் மாத்திரை அட்டையை ஒரு நாளைக்கு ஒன்றாக வெட்டிப் பிரிப்பது. "என்னங்க, அந்தச் சிவப்புக் கத்தி எங்க?" என்ற கேள்வி எங்கள் வீட்டில் கேட்காத நாள் இல்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் "தம்பி, அந்தக் குட்டிக் கத்தரியைக் கொஞ்சம் குடுப்பா" என்று வாங்கிப் போவார். திரும்பி வரும்போது கீல் முழுக்கச் செல்லோடேப் பசை ஒட்டியிருக்கும், அது வேறு விஷயம். கொக்கி எதற்கு என்று வாங்கிய புதிதில் எனக்குப் புரியவில்லை. கே.ஆர். மார்க்கெட்டில் காய்கறிப் பைகளின் காதுகளைச் சேர்த்து அதில் மாட்டித் தூக்கினால் விரல் அறுக்காது. பார்சல் கயிறு தூக்கத்தான் அதை வைத்தார்களாம்.

ஸ்க்ரூ விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். டின் திறப்பானின் நுனி, சின்ன ஸ்டார் ஸ்க்ரூக்களுக்கும் பொருந்தும்படி செய்யப்பட்டது. குக்கர் கைப்பிடி, கதவுத் தாழ்ப்பாள் வரை சமாளிக்கிறது. பொம்மையிலும் மிக்ஸி அடியிலும் ஸ்க்ரூ ஆழமான குழிக்குள் இருக்கும். அங்கே கத்தியின் தடித்த உடம்பு தடுக்கும், நுனி எட்டவே எட்டாது. சுவிட்ச் போர்டு பக்கம் இதைக் கொண்டுபோகவே கூடாது. வெளியே பிளாஸ்டிக் தெரிந்தாலும் ஓரங்களில் உலோகம் கையில் படும், மின்சாரத்துக்கு அது எந்தக் காப்பும் இல்லை. அதற்கு டெஸ்டர் இருக்கிறது, மெயினை அணைக்கும் பழக்கமும் வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒயின் பாட்டில் வருவதில்லை, ஆனால் கார்க் ஸ்க்ரூ சும்மா இல்லை. இறுகிப்போன முடிச்சை அவிழ்க்க அதைவிட நல்ல கருவி நான் பார்க்கவில்லை. அதன் சுருளுக்குள் திருகி வைக்கும் குட்டி ஸ்க்ரூ டிரைவர் ஒன்று தனியாகக் கிடைக்கிறது, மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூவுக்கு அளவானது. கண்ணாடி போடாதவர் அதே கம்பெனியின் சூப்பர் டிங்கரைப் பார்க்கலாம். அதே கத்தரிக்கோலும் கொக்கியும் உண்டு, கார்க் ஸ்க்ரூவுக்குப் பதில் முழு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர். இன்னும் எடை குறைய வேண்டுமென்றால் அவர்களுடைய கிளாசிக் எஸ்.டி., 58 மில்லிமீட்டர், சுமார் 21 கிராம். என் மனைவியின் சாவிக்கொத்தில் அதுதான். அன்றாட வேலைக்கு அதன் கத்தரிக்கோலே போதும், மலையில் பழம் நறுக்கக் கத்தி நீளம் போதாது. நடைபாதையில் விற்கும் 'பதினோரு கருவி ஒன்றில்' வகையை மட்டும் தொடாதீர்கள். தெரிந்தவர் ஒருவர் வாங்கிய, பெயரே போடாத ஒன்றில் ஸ்க்ரூ அசையவில்லை, டிரைவர்தான் முறுக்கிக்கொண்டது.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. பழச்சாறு கீலில் இறங்கினால் திறப்பது கடினமாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திர சோப்பு போட்டு, ஒவ்வொன்றையும் பலமுறை திறந்து மூடி, நன்றாக உலர்த்தி, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரி. கைக்குக் கிடைக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், பெங்களூர் டிசம்பரில் கத்தி பசைபோல நகரும். தையல் மெஷின் எண்ணெய் நல்லது, சாப்பாடு நறுக்கும் கத்தியில் படாமல் துடைத்துவிட வேண்டும். மழுங்கினால் பீங்கான் கோப்பையின் அடியில் மெருகில்லாத வளையத்தில் இழுத்தாலே கூர் திரும்பும். தெருவில் சாணை பிடிக்க வருபவரிடம் அரிவாள்மனையைக் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். சுழலும் சக்கரத்தின் சூட்டில் மெல்லிய நுனி பதம் இழக்கும், ஒரே தடவையில் நிறையத் தேய்ந்தும் போகும். முள்வாங்கி, பல்குத்தி, கத்தரிக்கோலின் ஸ்பிரிங் ஆகியவை தனித்தனியாகக் கிடைக்கும் உதிரி பாகங்கள், தொலைந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

மெட்ரோவில் பையை ஸ்கேன் செய்வார்கள், அதனால் அலுவலக நாட்களில் பெரியதை வீட்டில் வைத்துவிடுகிறேன். விமானத்தில் கத்தியும் மல்டி-டூலும் கைப்பையில் போகாது, செக்-இன் பையில்தான் வைக்க வேண்டும். கிளம்பும் முன் சாவிக்கொத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்த 21 கிராம் குட்டியிலும் கத்தி இருக்கிறது.